கொழும்பிலே உத்தியோகம்: கையில் மிஞ்சுவது எவ்வளவு?

‘மகனுக்குக் கொழும்பிலே வேலை கிடைத்துவிட்டது’ என்னும் வார்த்தைக்கு எமது ஊர்களிலே இன்றும் ஒரு தனி மதிப்புண்டு. வேலை யாது, வேதனம் எவ்வளவு என்று கேட்குமுன்னரே அயலார் மகிழ்ச்சி தெரிவித்துவிடுவர். இம்மதிப்பு நேற்று இன்று உண்டானதன்று. 1905ஆம் ஆண்டிலே வடபகுதிப் புகையிரதப் பாதை பூர்த்தியான காலந்தொட்டு, ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் கொழும்புக் கந்தோர்களிலே எழுதுவினைஞராய் அமர்ந்து வந்தனர். மனைவி மக்களை ஊரிலே விட்டுவிட்டு, நாலைந்து பேராகக் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை வைத்து, செலவைப் பங்கிட்டு வாழ்ந்தனர். ‘சம்மரி’ என்று அதற்குப் பெயர். மாதம் பிறந்து சில நாட்களில் தபாற்காரர் ஊர் வீட்டுக்கு மணியோடர் கொண்டுவருவார். யாழ்ப்பாணத்தின் சீவனத்தையே ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று அழைத்தவர்களும் உண்டு.

அந்தக் கணக்குச் சரிவந்தமைக்குக் காரணங்கள் இருந்தன. அரசாங்க ஊழியருக்கு ஊர்ப் பயணத்துக்குப் புகையிரத ஆணைச்சீட்டு இருந்தது. முதுமைக்கு ஓய்வூதியம் இருந்தது. ஊரிலே காணியும் கிணறும் இருந்தன. குடும்பம் ஊரிலேயே இருந்தபடியால் கொழும்பு விலைக்கு உண்டது ஒரு வயிறு மாத்திரமே. (பிள்ளைகளின் முகத்தை விடுமுறைக்கு விடுமுறை கண்டு வாழ்ந்த அத் தந்தையரின் இழப்பை எந்த ஏட்டிலும் எவரும் எழுதி வைக்கவில்லை என்பது வேறு விடயம்.) இன்று பட்டம் பெற்று வெளியேறும் பிள்ளைக்கு வருவது பெரும்பாலும் தனியார் நிறுவனத்தின் நியமனக் கடிதம். அதிலே ஆணைச்சீட்டும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. ஆனால் அக்கடிதத்தைப் பார்க்கும் பெற்றோரின் கண்களில் மாத்திரம் பாட்டனாரின் மணியோடர் இன்னும் நிற்கின்றது.

ஆகவேதான், ‘இந்தச் சம்பளம் கொழும்பிலே போதுமா?’ என்று பெற்றோரும் பழைய மாணவரும் எம்மிடம் வினவும்போது, கடிதத்தை ஒருமுறை வாய்விட்டு வாசிக்கும்படி நாம் கேட்பதுண்டு. கடிதத்திலே தடித்த எழுத்தில் இருக்கும் தொகை ஒன்று. மாத முடிவிலே வங்கியில் விழும் தொகை மற்றொன்று. விளக்கத்துக்காக ஒரு கடிதத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மொத்தம் 110,000 ரூபா என்று அது கூறுகின்றது. பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 75,000. போக்குவரத்துப் படி 20,000. வரவுக்கும் இலக்குக்குமான ஊக்கப் பணம் 15,000. இதில் கடைசியாக உள்ள 15,000 நிபந்தனையிலே தங்கியது. ஒரு நாட் காய்ச்சலும் ஒரு மந்தமான மாதமும் அதனை விழுங்கிவிடும். வந்தால் மகிழலாம்; வீட்டு வாடகைக்கு அதனை நம்பலாகாது. அடுத்து, 1958ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு நூற்றுக்கு எட்டு. நிறுவனம் அதனை அடிப்படைச் சம்பளத்துக்கு மாத்திரம் கணிக்கின்றதென வைத்தால் 6,000 கழியும். எஞ்சுவது 89,000. கந்தோர் வாயிலைத் தாண்டுமுன்னரே 21,000 ரூபா கணக்கிலிருந்து நீங்கிவிட்டது.

வருமான வரியைப் பற்றிப் பலர் அஞ்சுகின்றனர். 2025 ஏப்பிரல் முதல் மாதம் 150,000 ரூபா வரையுள்ள சம்பளத்துக்கு அவ்வரி இல்லை. அதற்கு மேற்பட்ட பகுதிக்கே 6 வீதத்தில் தொடங்கிப் படிப்படியாக 36 வீதம் வரை அறவிடப்படும். ஆதலின் முதல் உத்தியோகம் பெறுவோரில் அநேகர் இதனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது வேறொன்று உண்டு. சேமலாப நிதிக்கு நிறுவனத்தின் பங்கு 12 வீதம்; ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு அது செலுத்துவது 3 வீதம். இவ்விரண்டையுங்கூட ‘உமக்காக நாம் செய்யும் மொத்தச் செலவு’ என்று கூட்டி, அந்தப் பெருந்தொகையைச் சம்பளம்போலக் காட்டும் கடிதங்களும் உள்ளன. ‘இத்தொகையில் உங்கள் 15 வீதமும் சேர்ந்திருக்கின்றதா?’ என்பது கேட்டேயாக வேண்டிய கேள்வி. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கிப் படிகளைப் பெரிதாக்குவதும் ஒரு தந்திரமே. அடிப்படை சிறுத்தால் சேமலாப நிதி சிறுக்கும்; ஐந்து ஆண்டு சேவை நிரம்பியவருக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளமாகக் கணிக்கப்படும் பணிக்கொடையும் அதனோடு சிறுக்கும். இருபத்தைந்து வயதிலே எவரும் அதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனிக் கொழும்புக்குப் போவோம். முதலாவது கேள்வி உறைவிடம். வெள்ளவத்தையிலே அறை வேண்டும் என்பர் பெற்றோர். கோயிலும் சைவக் கடையும் உறவினரும் அருகில் இருப்பது ஒரு காரணம். 1958இலும் 1977இலும் 1983இலும் நிகழ்ந்தவற்றைக் கண்டும் கேட்டும் வளர்ந்த தலைமுறை, தன் பிள்ளை தம்மவர் நடுவே இருத்தல் வேண்டும் என்று எண்ணுவது மற்றொரு காரணம். இவ்வச்சத்தைப் பழிப்பதற்கு நமக்கு உரிமையில்லை. ஆனால் பலரும் ஒரே இடத்தை நாடுவதால் அங்கே வாடகை ஏறி நிற்கின்றது என்பதையும், கந்தோர் இராஜகிரியவிலோ கடுவெலையிலோ இருந்தால் வாடகையோடு இரண்டு பஸ் கட்டணமும் நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரமும் போகின்றன என்பதையும் கணக்கிலே காட்டுதல் வேண்டும். கந்தோரின் முகவரியை அறியுமுன் அறை பேசுவது, காலளவு தெரியாமற் சப்பாத்து வாங்குவது போன்றதாகும்.

அறையின் வாடகையைக் கேட்போர் மின்கட்டணத்தைக் கேட்பதில்லை. எமது நாட்டிலே வீட்டு மின்சாரத்துக்குக் கட்டணம் படிமுறையாய் அமைந்தது. பாவிக்கும் அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும். ஒரு வீட்டிலே நான்கு அறைகளை வாடகைக்கு விட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மானி இருந்தால், அவ்வீடு எளிதில் மேற்படிக்குப் போய்விடும். தனி வீட்டில் ஒரு மின்விசிறியும் ஒரு விளக்கும் பாவித்தவர் செலுத்தியிருக்கக்கூடிய தொகை வேறு. இங்கே அவர் பங்குக்கு வரும் தொகை வேறு. உபமானி இருக்கின்றதா, அலகுக்கு எவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நாம் கற்பனை செய்த இளைஞருக்கு இருவர் பகிரும் அறையில் அவர் பங்கு 25,000, மின்சாரமும் நீரும் 3,000, மூன்று வேளையும் கடையில் உண்டால் நாளொன்றுக்கு 1,100 வீதம் 33,000, பஸ்ஸுக்கு 5,000, தொலைபேசிக்கு 2,000, சலவை, சவர்க்காரம், மருந்து, நண்பரின் திருமணம், கோயில் ஆகிய சில்லறைகளுக்கு 6,000, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போக 4,000 என்று வைப்போம். கூட்டினால் 78,000. கைக்கு வந்த 89,000இல் மிஞ்சுவது 11,000. இவை எமது எண்கள். வாசகர் தத்தம் எண்களை இட்டுப் பார்க்க. எண்கள் மாறும், ஆனால் 110,000 என்று தொடங்கிய பேச்சு 11,000இல் வந்து முடிவது போன்ற ஒரு சரிவு பெரும்பாலான கணக்குகளிலே இருக்கும்.

இக்கணக்கிலே மிகப் பெரிய பகுதி வாடகையன்று, உணவு. சோற்றுப் பார்சலும் இடியப்பமும் தனித்தனியே பார்க்கையில் சிறு செலவுகளாகவே தோன்றும். மாத முடிவில் அவை வாடகையையும் வென்றுவிடும். பழைய சம்மரிக்காரர் இதனை நன்கு அறிந்திருந்தனர். மூவர் சேர்ந்து ஓர் எரிவாயு அடுப்பும் அரிசி வேகவைக்கும் பாத்திரமும் வாங்கி, இரவுச் சாப்பாட்டையும் காலைச் சாப்பாட்டையும் தாமே ஆக்கினால் 33,000 என்பது 20,000 அளவுக்கு இறங்கும். ஆண்பிள்ளைக்குப் புட்டவிக்கவும் சொதி வைக்கவும் கற்பியாமல் கொழும்புக்கு அனுப்பும் தாய், அவனது சம்பளத்திலே மாதம் 13,000 ரூபாவைக் கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிடுகின்றாள் என்றே நாம் சொல்வோம். சமைக்க அனுமதிக்காத அறைகளும் உண்டு. அவற்றின் வாடகை குறைவாய் இருந்தாலும் மலிவென்று எண்ணலாகாது.

இதுவரை சொன்னவை எல்லாம் கூட்டற் கழித்தல். எமக்கு உண்மையில் மனவேதனை தருவது, எந்தக் கணக்கிலும் எழுதப்படாத மற்றொரு வரியாகும். அது வீட்டுக்கு அனுப்பும் பணம்.

பிள்ளை எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று பெற்றோர் வாய்திறந்து சொல்வதில்லை. எவ்வளவு அனுப்ப இயலும் என்று பிள்ளையும் சொல்வதில்லை. இரு பக்கத்திலும் நாணம். ஆனால் அக்காவின் கலியாணம், தம்பியின் படிப்பு, வங்கியிலே அடைவு வைத்த நகை எல்லாம் அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்தே நிற்கின்றன. எம்மிடம் கற்ற ஒருவர், ஏறக்குறைய நாம் மேலே காட்டியது போன்ற சம்பளத்திலே, மாதந்தவறாமல் 25,000 ரூபா வீட்டுக்கு அனுப்பி வந்தார். இரவு வேளைகளிலே அவர் உண்டது ஒரு பணிசும் தேநீருமே. ஏழு மாதத்தின் பின் மயங்கி விழுந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டபோதுதான் வீட்டாருக்கு விடயம் தெரிந்தது. அவருடைய தாயார் அப்பணத்திலே வளவுக்கு முன்மதில் கட்டிக்கொண்டிருந்தார். கொடுமைக்காரியல்லர், நல்ல தாய். ‘எனக்குத் தெரிந்திருந்தால் ஒரு சதமும் வாங்கியிருக்க மாட்டேனே’ என்று அழுதார். மதில் அவசரமானதன்று. மகனும் அவசரமா என்று கேட்கவில்லை. தாயும் இயலுமா என்று கேட்கவில்லை.

ஆகையால், கடிதம் வந்த கிழமையிலேயே, பிள்ளையும் பெற்றோரும் ஒரே மேசையில் இருந்து, வீட்டுக்கு வேண்டிய தொகையைத் தாளின் முதல் வரியிலே எழுதுதல் வேண்டும் என்பது எமது கருத்து. கடைசி வரியிலே எழுதினால் அது மிஞ்சியதற்குள் அடங்க மறுத்து, உணவின் வரியை உண்டுவிடும். முதல் வரியிலே 30,000 என்று எழுதிப் பார்த்தால், மேற்கூறிய சம்பளம் அதற்குப் போதாது என்பது ஐந்து நிமிடத்திலே வெளிப்படும். பிறகு 10,000 என்று எழுதலாம். அல்லது ‘முதலாண்டு ஒன்றுமில்லை’ என்றே எழுதலாம். தந்தையின் கையால் அவ்வாறு எழுதப்படும் ஒரு பூச்சியம் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பெற்றோர் பலர் அறியார்.

முதற் சம்பளம் மாத முடிவிலேதான் வரும் என்பதும் மறக்கப்படுவதுண்டு. மூன்று மாத முற்பணம் 75,000. சம்பளம் வரும்வரை வாடகை ஒழிந்த ஏனைய செலவு 53,000. மெத்தை, மின்விசிறி, கந்தோருக்கு ஏற்ற உடுப்பு 25,000. முற்பணம் வாடகையிற் கழிபடுமாயினும், ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பணம் முதல் நாளுக்கு முன்னரே கையில் இருத்தல் வேண்டும். அது பெரும்பாலும் அம்மாவின் சங்கிலியிலிருந்தே வருகின்றது. அடைவு வைப்பதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. அதன் வட்டியும் மீட்கும் தவணையும் முதலாண்டுச் சம்பளத்திலே ஒரு வரியாய் எழுதப்படல் வேண்டும் என்றே சொல்கின்றோம்.

இனி, ஊரிலேயே 60,000 ரூபாவுக்கு ஒரு வேலை கிடைக்கின்றது என்று வைப்போம். ‘அதில் பாதிதானே’ என்று அதனைத் தள்ளிவிடுகின்றனர். முழுத் தொகைக்கும் சேமலாப நிதி 4,800 கழிய 55,200 கைக்கு வரும். வீட்டு உணவும் பணமின்றி ஆவதன்று. அதற்கு 12,000 எழுதுவோம். மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருள் முதலியவை 7,000, தொலைபேசி 2,000, சில்லறை 6,000. மிஞ்சுவது 28,200. கொழும்பிலே மிஞ்சியது 11,000. சமைத்து உண்டாலும் 24,000. பாதிச் சம்பளம் என்று இகழப்பட்டது கூடுதலாய் மிச்சம் பிடிக்கின்றது!

இதனை நாம் எழுதுவது கொழும்புக்குப் போகாதீர் என்று தடுப்பதற்கன்று. இக்கணக்குக்கு மற்றொரு பயனும் உண்டு. ஊரிலே மிஞ்சும் அளவு கொழும்பிலும் மிஞ்சவேண்டுமானால், நிச்சயமான சம்பளம் ஏறக்குறைய 19,000 கூடுதல் வேண்டும். அதாவது 95,000 என்பது 114,000 ஆதல் வேண்டும். இப்போது பிள்ளையின் கையில் ஓர் எண் இருக்கின்றது. நேர்முகப் பரீட்சையிலே ‘எவ்வளவு எதிர்பார்க்கின்றீர்?’ என்று வினவும்போது, எமது பிள்ளைகள் தலைகுனிந்து ‘நீங்கள் தருவதைத் தாருங்கள்’ என்பர். அதனைப் பணிவு என்று நாம்தான் பழக்கிவிட்டோம். காரணத்தோடு ஒரு தொகையைக் கேட்பது பணிவுக்கு மாறானதன்று. முழுவதும் கிடையாவிட்டாலும், ஊக்கப் பணத்தில் ஒரு பகுதியை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்க்க இசையும் நிறுவனங்கள் உள்ளன.

கேட்க வேண்டியது இன்னுமொன்று: ஆண்டுதோறும் சம்பள உயர்வு உண்டா என்பது. 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் அதற்கு முந்திய ஆண்டின் அதே மாதத்திலும் பார்க்க 69.8 வீதம் உயர்ந்திருந்தது. அக்காலத்திலே உயர்வு பற்றி ஒன்றும் கூறாத நியமனக் கடிதங்களோடு கொழும்பில் இருந்தோர் பட்ட பாட்டை எவரும் மறந்திரார். 2024 செப்டெம்பரிலே அதே சுட்டெண் ஓராண்டு ஒப்பீட்டில் சிறிது இறங்கியது என்பதும் உண்மையே. ஆனால் பணவீக்கம் குறைந்தது என்ற செய்தியைப் படித்துவிட்டு, விலைகள் 2021ஆம் ஆண்டுக்குத் திரும்பின என்று கருதலாகாது. ஏறும் வேகம் தணிந்தது. ஏறிய படியிலிருந்து சோற்றுப் பார்சல் இறங்கி வரவில்லை.

குறைவாய் மிஞ்சினாலும் போகத்தக்க வேலைகள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றோம். கணக்காய்வாளரிடம் பயிலுநராய் இருத்தல், நல்ல பொறியியலாளரின்கீழ் வேலை கற்றல் முதலியன ஊரிலே எளிதிற் கிட்டாதவை. அத்தகைய வேலைக்குப் போகும்போது சம்பளத்தை வேதனம் என்று எண்ணாமற் படிப்புச் செலவுக்கு உதவி என்று எண்ணுவது பொருந்தும். ஆனால் அதற்கு ஒரு தவணை குறித்தல் வேண்டும். இரண்டு ஆண்டு என்று தாளிலே எழுதி, அவ்விரண்டு ஆண்டும் வீட்டார் அப்பணத்திலே கண் வையாதிருத்தல் வேண்டும். தவணை முடிவிலே கற்றது என்ன, சம்பளம் ஏறியதா என்று மீண்டும் கணக்குப் பார்க்கலாம்.

பெண்பிள்ளைகளின் கணக்கைத் தனியே பார்த்தல் அவசியம். மகனை எங்கேனும் ஓர் அறையில் இருக்க விடும் தந்தை, மகளுக்குத் தெரிந்தவர் வீட்டிலோ நல்ல விடுதியிலோதான் இடம் பார்க்கின்றார். அது நியாயமே; ஆனால் அதற்கு வாடகை கூட. இரவு ஏழு மணிக்குப் பிறகு பஸ்ஸுக்குப் பதிலாக முச்சக்கர வண்டி என்றால் அதுவும் கூட. ஆகவே ஒரே கடிதம், ஒரே தொகை, மகனுக்குப் போதுமாயிருந்து மகளுக்குப் போதாமற் போகலாம். அந்த மேலதிகச் செலவு பெற்றோர் விதித்த நிபந்தனையால் வருவது. அதனை அவளது சம்பளத்திலே சுமத்திவிட்டு, ‘உழைத்தும் மிச்சமில்லை’ என்று அவளைக் குறைகூறுவது முறையன்று. தாமே ஒரு பங்கு தாங்குவதாகச் சொல்லிவிட்டால் அவளும் நிம்மதியாய் வேலைக்குப் போவாள்.

நியமனக் கடிதத்துக்கு விடையளிக்கப் பெரும்பாலும் ஒரு கிழமை தவணை தருவர். அந்த ஏழு நாளும் போதும். கந்தோர் இருக்கும் பகுதியிலே அண்மையில் அறை எடுத்த இருவரிடம் வாடகையையும் மின்கட்டணத்தையும் விசாரிக்க. பத்து ஆண்டுக்கு முன் கொழும்பிலிருந்த மாமாவின் எண்கள் உதவா. சம்பளத்தின் பிரிவு, சேமலாப நிதி எதன்மீது கணிக்கப்படும், தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அக்காலத்திலே சம்பளம் குறையுமா என்னும் நான்கையும் நிறுவனத்துக்கு எழுத்திலே வினவி, விடையையும் எழுத்திலேயே பெறுக. தொலைபேசியிலே ‘பார்த்துக்கொள்ளலாம் தம்பி’ என்று இனிமையாய்ச் சொன்னவர், ஆறு மாதத்திலே வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கவுங் கூடும்.